தயிர்சாதத் தணிக்கை

நங்கநல்லூரில் பட்டினி கிடப்பது லேசான காரியமில்லை. பழவந்தாங்கல் ஸ்டேஷனில் இறங்கி எந்தத் திசையில் நடந்தாலும், சற்று நேரத்தில் ஏதாவதொரு சந்நிதி வாசலில் கையில் தொன்னையோடு நிற்க வேண்டிவரும். ராஜராஜேஸ்வரி, குருவாயூரப்பன், அர்த்தநாரீஸ்வரர் என்று வரிசையாக இருக்கிறார்கள். எல்லோருக்கும் மேலே 32 அடி உயரத்தில், ஒரே கல்லில், 1995-லிருந்து ஆஞ்சநேயர் நின்றுகொண்டிருக்கிறார். நாங்கள் எங்கள் வியாதிகளை அவரிடம் ஒப்படைத்துவிட்டு வெளியே வருவோம். வரும் வழியில் நெய் மினுங்கும் வெண்பொங்கலை வாங்கிச் சாப்பிட்டு, ஒப்படைத்ததைத் திரும்பப் பெற்றுக்கொள்வோம்.

இந்த ஊரில் ஒருவன் ஒரு நாய்க்கு அளவான, சத்தான, சமச்சீரான ஆகாரம் கொடுத்து வளர்த்துக் காட்டுகிறேன் என்று கிளம்பினால் அவனை என்னவென்று சொல்வது? எங்கள் குடியிருப்பில் பலதும் சொன்னார்கள். அதில் அச்சிடக்கூடியது 'ஏஜீஸ் ஆபீஸ் மாமா' என்பது மட்டும்தான். ஆமாம், தேனாம்பேட்டையில் உத்தியோக காலம் முழுவதும் அடுத்தவர் செலவில் குறை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவன் நான். ஓய்வு பெற்ற பிறகு தணிக்கை செய்ய வீட்டில் இவள் ஒருத்திதான் மிச்சம். அவளிடம் வவுச்சர் கேட்ட அன்று எனக்குக் காப்பி கிடைக்கவில்லை. அதனால் நாய் வந்தது ஒருவகையில் தெய்வாதீனம்.

2023 டிசம்பர் 4-ஆம் தேதி மிக்ஜாம் புயலில் வந்தது அது. கீழே கார் நிறுத்தும் இடத்தில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. வாட்ச்மேனுடைய பிளாஸ்டிக் நாற்காலிமேல் ஒரு நாட்டு நாய்க்குட்டி, சங்கக் கூட்டத்துக்குத் தலைமை தாங்க வந்தாற்போல நிதானமாக உட்கார்ந்திருந்தது. தண்ணீர் வடிந்து, கரண்ட் வந்து, பால் வந்து, எல்லாம் பழையபடி ஆன பிறகும் நாய் மட்டும் போகவில்லை. முன்னும் பின்னும் கறுப்பு, நடுவில் வெள்ளை. நியூ ஜெர்சியிலிருந்து வீடியோவில் பார்த்த பேத்தி 'ஓரியோ' என்று பெயர் வைத்துவிட்டாள். அந்த பிஸ்கட்டில் இருக்கும் கோகோ நாய்க்கு விஷம், அதிலுள்ள தியோப்ரோமினை நாயின் உடம்பால் சீக்கிரம் கரைத்து வெளியேற்ற முடியாது என்பதெல்லாம் பின்னால்தான் தெரிந்தது. தின்னவே கூடாத பண்டத்தின் பெயரால் ஆயுசு முழுக்கக் கூப்பிடப்படுவது கொடுமை. என்னை யாராவது 'மைசூர்பாகு' என்று கூப்பிட்டால் எனக்கு எப்படி இருக்கும்? வேலைக்கு வரும் அம்மா அதை 'வரியோ' என்பாள். இவள் 'ஓரியாண்டி' என்பாள். சாப்பாட்டு நேரத்தில் எப்படிக் கூப்பிட்டாலும் வரும்.

முதல் ஊசிக்குக் கூட்டிக்கொண்டு போனபோது டாக்டர் கேட்டார், "என்ன சாப்பிடறான்?"

"தயிர்சாதம்."

"அப்புறம்?"

"ராத்திரியும் தயிர்சாதம். ஞாயித்துக்கிழமை நெய் விட்டுப் பருப்பு சாதம்."

அவர் ஊசியைக் கீழே வைத்தார். "சார், இவனுக்கு மூணு மாசம்தான் ஆகுது. எண்பதாங் கல்யாணம் ஆனவனுக்குப் போடற மாதிரி போடறீங்களே!"

வேப்பேரியில் 1903-ல் ஆரம்பித்த கால்நடைக் கல்லூரியில் படித்தவர். அன்றைக்கு அவர் நடத்திய பாடத்தில் பாதி நாய்க்கு, பாதி எனக்கு. நாய் ஓநாயும் இல்லை, மாமாவும் இல்லை என்பது முதல் பாடம். 2013-ல் ஸ்வீடன்காரர்கள் ஓர் ஆராய்ச்சி செய்தார்களாம். மாவுச்சத்தைச் செரிக்க வைக்கும் அமிலேஸ் மரபணு ஓநாய்க்கு இரண்டு பிரதிதான். மனிதனோடு சேர்ந்து அவன் சோற்றைத் தின்று பழகிய நாய்க்கு நாலிலிருந்து முப்பது வரை இருக்கிறது. அதனால் சோறு செரிக்கும். பாலைவிடத் தயிர் நல்லது, லாக்டோஸ் குறைவு. ஆக, தயிர்சாதம் குற்றமில்லை. தயிர்சாதத்தையே சாப்பாடு என்று நினைப்பதுதான் குற்றம். புரதம் வேண்டும், கொழுப்பு வேண்டும், கால்சியமும் பாஸ்பரஸும் ஒன்றுக்கு ஒன்றிலிருந்து இரண்டுக்கு ஒன்றுக்குள் நிற்க வேண்டும். கறியும் சோறும் மட்டும் போட்டால் பாஸ்பரஸ் ஏறி எலும்பு கெடும். வெயிலில் படுத்துக் கிடந்தால் நமக்கு டி வைட்டமின் ஊறும், நாய்க்கு ஊறாது, தின்றுதான் ஆக வேண்டும். சி வைட்டமினை மட்டும் அதன் உடம்பே தயாரித்துக்கொள்ளும். "எலுமிச்சம்பழம் பிழிய வேண்டாம் சார்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். என் முகத்தில் என்ன கண்டாரோ.

"சைவமாவே வளர்க்கலாமா?"

"வளர்க்கலாம். பச்சைப் புள்ளி போட்ட பாக்கெட்கூடக் கடையில இருக்கு. ஆனா வீட்டுல நீங்களா பண்றதுன்னா கணக்கா பண்ணணும். குறைஞ்சது முட்டையாவது போடுங்க."

கணக்கு என்ற சொல் காதில் விழுந்ததும் முட்டை என்ற சொல் காதில் விழவில்லை. சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன்.

கூடவே ஒரு விலக்குப் பட்டியலும் கொடுத்திருந்தார். வெங்காயம், பூண்டு கூடவே கூடாது, சிவப்பணுக்களை உடைத்துவிடும். திராட்சை, காய்ந்தது உட்பட, சிறுநீரகத்தைத் தாக்கும். சாக்லேட், காரம், ஊறுகாய், சமைத்த எலும்பு எதுவும் ஆகாது. இவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். படிக்கப் படிக்க முகம் மலர்ந்தது.

"ஏன்னா, இது நம்மாத்துத் தெவசச் சமையல்னா!"

உண்மைதான். வெங்காயம் கிடையாது, பூண்டு கிடையாது, மிளகாய் கிடையாது. வாத்தியார் பரம்பரை பரம்பரையாகச் சொல்லிவந்ததைத்தான் வெள்ளைக் கோட்டு போட்டவர் தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார். அன்றிலிருந்து இவளுக்கு அந்த டாக்டர்மேல் அபார மரியாதை. பித்ருக்களும் நாயும் ஒரே பத்தியம் என்றால் அதில் ஏதோ சூட்சுமம் இருக்க வேண்டும் என்கிறாள். தருமபுத்திரருக்குக் கடைசிவரை துணை போன நாய் வழியில் என்ன சாப்பிட்டது என்று வியாசர் சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை. கேட்டால் அதுவும் பிரண்டைத் துவையலாகத்தான் இருக்கும் என்பாள்.

இதனால் வீட்டில் முதலில் பாதிக்கப்பட்டவன் நான். பாயசத்தில் திராட்சை நின்றது. கீழே விழுந்த ஒன்றை அது பொறுக்கிவிட்டால் என்ன செய்வது என்று டப்பாவோடு எதிர்வீட்டுக்குப் போய்விட்டது. அடுத்தது என் சட்டைப்பையில் இருந்த சர்க்கரை இல்லாத மிட்டாய். அதில் ஸைலிட்டால் இருந்தது. நாய் உடம்பில் அது போனால் இன்சுலின் பொங்கி ரத்தச் சர்க்கரை தடாலென்று விழுமாம். என் சர்க்கரையை விழவைக்க எத்தனை டாக்டர்கள் எத்தனை காலமாகப் போராடிக்கொண்டிருக்கிறார்கள்! அதே மிட்டாய் எனக்கு ஒன்றும் செய்யாது, அதற்கு உயிர் போகும். மிட்டாயும் போயிற்று.

இனி கணக்கு. நாய் எவ்வளவு சாப்பிட வேண்டும் என்பதற்கு ஒரு சூத்திரம் இருக்கிறது. எடையை முக்கால் அடுக்குக்கு உயர்த்தி எழுபதால் பெருக்க வேண்டும். சும்மா படுத்துக் கிடக்கும் நாய்க்கு ஒரு நாளைக்கு வேண்டிய கலோரி அது. கருத்தடை செய்த வளர்ந்த நாய் என்றால் அதை மேலும் 1.6-ஆல் பெருக்கிக்கொள்ளலாம். முக்கால் அடுக்கா, அதெப்படி என்று யாரும் பயப்பட வேண்டாம். சாதாரண கால்குலேட்டர் போதும். எடையைத் தன்னாலேயே மூன்று முறை பெருக்கி, வர்க்கமூலப் பொத்தானை இரண்டு தடவை அழுத்தினால் தீர்ந்தது. ஆபீசில் இருந்த காலத்தில் இந்த வித்தை தெரிந்திருந்தால் எவ்வளவு பேரைக் கலங்கடித்திருப்பேன்.

ஆனால் எடை தெரிய வேண்டுமே. வளர்ந்த ஓரியோ தராசில் நிற்காது. குளியலறைத் தராசில் நான் அதைத் தூக்கிக்கொண்டு ஏறி, பிறகு நான் மட்டும் ஏறி, கழித்துப் பார்ப்பதுதான் வழி. இதில் ஒரு சங்கடம். கழிக்க வேண்டுமானால் என் எடையை உரக்கச் சொல்லியாக வேண்டும். பல காலமாகக் குடும்ப ரகசியமாகக்கூட இல்லாமல், சொந்த ரகசியமாகக் காப்பாற்றிவந்த எண் அது. இரண்டு பேரும் சேர்ந்து 98. இவள் பென்சிலோடு காத்திருந்தாள். "நீங்க மட்டும்?" வேட்டியையும் பூணூலையும் தவிர மற்றதையெல்லாம் இறக்கி வைக்கலாமா என்று யோசித்தேன். 82. நாய் 16.

பதினாறு! கணக்குப் போட ஆண்டவனே அனுப்பிய எண். மூன்று முறை பெருக்கினால் 4096. ஒருதரம் மூலம் எடுத்தால் 64. இன்னொருதரம், 8. தசமமே இல்லை! எட்டெழுபது 560. அதை 1.6-ஆல் பெருக்கினால் 896. தொள்ளாயிரம் என்று வைத்துக்கொண்டேன். இதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தீனி, பிஸ்கட் வகையறா போகக் கூடாது என்பது விதி. அதாவது 90 கலோரி. ஒரு வடையில் தீர்ந்துவிடும்.

"ஆத்துக் கணக்குக்கு ஒரு நாளாவது இந்தக் கால்குலேட்டரை எடுத்ததுண்டா?" என்றாள் இவள். அது தணிக்கை வரம்புக்குள் வராத கேள்வி.

முட்டைப் படலத்தைச் சொல்லியாக வேண்டும். பேச்சுவார்த்தை நீண்டது. "ஆத்துக்குள்ள வரப்படாது" என்பது இவளுடைய நிலை. ஆத்துக்குள் என்றால் எது வரை என்று சட்டப் பிரச்சினை எழுப்பினேன். துணி உலர்த்தும் பால்கனி வீட்டில் சேர்த்தியா? பத்திரத்தில் சேர்த்தி, ஆசாரத்தில் சேர்த்தியில்லை என்று தீர்ப்பாயிற்று. ஆனால் அங்கே மின்னடுப்பு வைத்து அவித்தால் வாசனை உள்ளே வரும், அது எல்லை மீறல். கடைசியில் வாட்ச்மேன் தன் அறையில் அவித்துத் தருவதாக ஒப்புக்கொண்டார். நாய்க்கு ஒன்று, அவருக்கு ஒன்று. புரதக் குறைபாடு அவருக்கும் உண்டு என்று அவரே கண்டுபிடித்துச் சொன்னார்.

வாங்குவது என் பொறுப்பு. நெற்றியில் மூன்று பட்டை விபூதியோடு ஒருவன் நங்கநல்லூரில் முட்டை வாங்குவது எப்படி என்று எந்தப் புத்தகத்திலும் போடவில்லை. மஞ்சப்பையில் முதலில் முளைக்கீரை, மேலே கொத்தமல்லி, நடுவில் இடம் விட்டு வைத்துக்கொண்டு, கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து நின்றேன். பருப்பு விலை கேட்டேன். தேங்காயைத் தட்டிப் பார்த்தேன். அப்புறம் மெதுவாக, கண்ணால் அந்தப் பக்கம் காட்டி, "அதுல ஆறு" என்றேன்.

"எதுல மாமா?"

"அதுலதான்."

"முட்டையா?" என்றான் பையன், மீனம்பாக்கத்தில் இறங்கிக்கொண்டிருந்த விமானத்தின் சத்தத்தையும் மீறி. "அண்ணே, மாமாவுக்கு முட்டை ஆறு!"

தேங்காய் பொறுக்கிக்கொண்டிருந்த இரண்டு மாமிகள் திரும்பினார்கள். "நாய்க்கு" என்றேன்.

கடைக்காரர் பேப்பரில் சுற்றிக்கொண்டே, ரொம்பப் பெருந்தன்மையாக, "எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க மாமா" என்றார். அதற்கப்புறம் ஓரியோவைக் கூடவே கூட்டிக்கொண்டு போனேன், சாட்சியாக. அது கடை வாசலில் மாமிகள் பார்க்க ஒரு காய்ந்த கறிவேப்பிலையைத் தின்று காட்டிற்று.

முட்டை வந்ததால் ஓடும் வந்தது. நன்றாகக் கழுவிக் காயவைத்துப் பொடித்தால் கால்சியம், ஏனென்றால் ஓட்டில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட்தான். பொடிக்கும் வேலைக்கு அம்மி தரப்படவில்லை. மாடியில் ஒரு செங்கல்லை வைத்து நான் நசுக்குவதைப் பார்த்த சங்கச் செயலாளர், எனக்கு நாட்டு வைத்தியம் தெரியும் என்று நினைத்து முழங்கால் வலிக்கு மருந்து கேட்டார்.

அங்கே இருக்கும் எங்கள் பையனுக்கு, அதாவது நியூ ஜெர்சிப் பேத்தியின் வீட்டில், இதெல்லாம் போதவில்லை. அமெரிக்காவில் நாய் வளர்ப்பவர்கள் தானியமே சேர்ப்பதில்லையாம். "அப்பா, ரைஸை நிறுத்துங்கோ. தானியமில்லாத பாக்கெட் அனுப்பறேன்." சோறு போடாதே என்று சொல்வதைக் கேட்டு இவள் காதைப் பொத்திக்கொண்டாள். எங்கள் வீட்டில் அது சாபத்தில் சேர்த்தி. நான் விடவில்லை. அந்த மாதிரிப் பட்டாணி, பருப்பு நிறையப் போட்ட தானியமில்லாத தீனிகளுக்கும் நாய்களின் இதயநோய்க்கும் சம்பந்தம் இருக்குமோ என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமே 2018 ஜூலையில் விசாரணை ஆரம்பித்ததை எடுத்துப் போட்டேன். இதுதான் காரணம் என்று அவர்கள் முடிவாக ஒன்றும் நிலைநாட்டவில்லை. அந்தப் பகுதியை நான் படித்துக் காட்டவில்லை, நேரமாகிவிட்டது.

"ராஜபாளையம் பக்கமெல்லாம் என்ன போட்டு வளர்த்தா தெரியுமா?" என்றேன். கம்பங்கூழும் கேப்பைக்கூழும் மோரும்தான். அதைக் குடித்துவிட்டுத்தான் ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் கன்னியும் காட்டில் பாய்ந்தன. 2005-ல் தபால் தலையே போட்டார்கள் ராஜபாளையத்துக்கு. கேப்பையில் கால்சியம் அரிசியைவிடப் பல மடங்கு. பையன் சிரித்தான். "அப்பா, அதெல்லாம் வேட்டை நாய். மீதிப் புரோட்டீனை முயல்கிட்ட வசூல் பண்ணிண்டிருக்கும்." இது எனக்கு அப்போது குதர்க்கமாகப் பட்டது.

ஆக, பேரேடு திறந்தேன். பழைய ஆபீஸ் ஞாபகத்தில் நீளவாட்டு நோட்டு, சிவப்பு மார்ஜின். காலை: கேப்பைக் களி, தயிர், கிச்சன் தராசில் நிறுத்தது. மாலை: குழைந்த சாதம், முட்டை, வெந்த மஞ்சள் பூசணி, கேரட், ஒரு ஸ்பூன் எண்ணெய், ஓட்டுப் பொடி, டாக்டர் தந்த சத்து மருந்து. பக்கத்தில் கலோரி. கீழே கூட்டுத்தொகை. அதன்கீழ் என் கையெழுத்து. சாப்பிடுகிறவன் ஒத்துழைத்தானா என்றால், அதுதான் இல்லை. எல்லாவற்றையும் கலந்து பிசைந்து வைத்தாலும், முகத்தைக் கிண்ணத்துக்குள் விட்டு என்னவோ தொழில்நுட்பம் செய்யும். நிமிரும்போது முட்டை இல்லை, சாதம் இல்லை, தயிர் இல்லை. கேரட் துண்டுகள் மட்டும் ஒட்டுத் தயிர்கூட இல்லாமல் சுத்தமாக நக்கப்பட்டு, கிண்ணத்துக்கு வெளியே தரையில் கிடக்கும். இந்த நாய்க்கு நாக்கில் சுவை மொட்டு சுமார் 1,700, மனிதனுக்கு 9,000 என்கிறார்கள். அந்த 1,700-ல் ஒன்றுகூடக் கேரட்டை ஏற்கவில்லை. எனக்கு 9,000 இருந்தும் கோவைக்காய்க் கறியை வெளியே எடுத்துவைக்கத் தைரியம் வந்ததில்லை.

நடையும் ஏட்டில் உண்டு. உடம்பு பிடிக்க ஆகாரம் பாதி, நடை பாதி. இவளுக்கு முழங்கால் வலி. அதனால் காலையும் மாலையும் நடத்திக் கூட்டிக்கொண்டு போகிற பாரத்தை நானே மனமுவந்து ஏற்றுக்கொண்டேன். சுதந்திர தினப் பூங்கா வரை போய், சுற்றுவழியாகக் கோயில் பக்கம் வந்து, திரும்புவோம். நேரம் சற்று அதிகமாகும். நாய் என்றால் நாலு இடத்தில் நின்று மோந்துதானே வரும்.

அடுத்த முறை டாக்டரிடம் போனபோது நோட்டையும் எடுத்துப்போனேன். அவர் நோட்டைப் பார்க்கவில்லை, நாயைப் பார்த்தார். உடம்புவாகுக்கு ஒன்பது மதிப்பெண் அளவுகோல் ஒன்று இருக்கிறது. நாலு, ஐந்து வாங்கினால் நல்லது. அதிகம் வாங்கக் கூடாத ஒரே பரீட்சை. விலாவைத் தடவினால் எலும்பு கையில் பட வேண்டும். மேலேயிருந்து பார்த்தால் இடுப்பு தெரிய வேண்டும். பக்கவாட்டில் பார்த்தால் வயிறு உள்வாங்கியிருக்க வேண்டும். அவர் ஓரியோவைத் தடவினார், தேடினார். "ஏழு" என்றார். அவர் சொல்லச் சொல்ல நானும் சட்டைக்கு மேலே ஒரு விரலால் என் விலாவைத் தேடிக்கொண்டிருந்தேன். கிடைக்கவில்லை.

"என்ன சார், வெளியில ஏதாவது சாப்பிடறானா?"

"சான்ஸே இல்லை. ஒவ்வொரு கிராமுக்கும் கணக்கு இருக்கு."

வீட்டுக்கு வந்து தராசை எடுத்தோம். நாயோடு நான், 104. நான் மட்டும், 85. நாய், 19. நோட்டை மறுபடி கூட்டிப் பார்த்தேன். ஒரு கலோரி பிசகவில்லை. தராசில்தான் ஏதோ கோளாறு, ஈரத்தில் ஸ்பிரிங் போயிருக்கும் என்றேன்.

இவள் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, அந்தப் பழைய எண்களையும் புதிய எண்களையும் அக்கம்பக்கமாக வைத்துச் சற்று நேரம் பார்த்தாள். எந்தப் பரீட்சையும் எழுதி ஏஜீஸ் ஆபீசுக்குள் நுழைந்தவளில்லை.

"ஏன்னா, அதுக்கு மூணு கிலோ. உங்களுக்கும் மூணு கிலோ."

"அதனால?"

"ஒண்ணுமில்லை. நாளைக்கு வாக்கிங் நான் கூட்டிண்டு போறேன்."

"உனக்கு முழங்கால்..."

"பட்டை போட்டுண்டு போறேன்."

மறுநாள் சாயங்காலம் அவள் முழங்கால் பட்டையைக் கட்டிக்கொண்டு, சங்கிலியைக் கையில் பிடித்து இறங்கினாள். நடந்ததெல்லாம் பிற்பாடு அவள் சொல்லிக் கேட்டது. தெருமுனை திரும்பியதும் அவள் நாயைக் கூட்டிக்கொண்டு போகவில்லை, நாய்தான் அவளைக் கூட்டிக்கொண்டு போனது. முதலில் டீக்கடை. பெஞ்சுக்குப் பக்கத்தில், யாரும் சொல்லாமலே, முன்னங்காலை ஊன்றி உட்கார்ந்ததாம். மாஸ்டர் பாட்டிலைத் திறந்து ஒரு வெண்ணெய் பிஸ்கட்டை எடுத்து இரண்டாக உடைத்து, ஒரு பாதியை அதன்முன் வைத்துவிட்டு, மறுபாதியைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தார். "மாமா வரலையா?"

அங்கிருந்து கோயில் பக்கம். பூக்காரம்மா தொன்னையை நீட்டினாள். "மாமா பாதி சாப்ட்டுட்டு மிச்சத்த இதுக்கு வெப்பாரு. இன்னைக்கு உங்களையா அனுப்பிட்டாரு?" இவள் சர்க்கரைப் பொங்கலா வெண்பொங்கலா என்று மட்டும் கேட்டாளாம். சர்க்கரைப் பொங்கல் என்று தெரிந்தது. அதில் திராட்சை இருக்குமே என்று பதறினாளாம். "அதெல்லாம் மாமா ஒண்ணுவிடாம பொறுக்கித் தின்னுட்டுத்தான் வெப்பாரு" என்று அந்த அம்மா என் நற்பெயரைக் காப்பாற்றியிருக்கிறாள்.

கடைசி நிறுத்தம் பூங்காவுக்கு அருகே பஜ்ஜி வண்டி. அங்கே நாய் உட்காரக்கூட இல்லை, வாலை ஆட்டிக்கொண்டு வண்டியின் பின்புறம், எண்ணெய்ச் சட்டிக்கு அந்தண்டை, தன் இடத்துக்குப் போய் நின்றுகொண்டது. வண்டிக்காரர் சங்கிலியை அடையாளம் கண்டு, சங்கிலியைப் பிடித்திருந்தவளைக் காணாமல், குனிந்தபடியே பேப்பரில் எடுத்து வைத்தார். "வாழக்கா ஒண்ணு, சட்னி இல்லாம, ஆற வெச்சது. நாய்க்கு வெங்காயம் ஆகாதுன்னு மாமா கண்டிசனா சொல்லியிருக்காரு. மாமாவுக்கு வெங்காய பஜ்ஜி ரெண்டு, மொளகா ஒண்ணு." அப்புறம்தான் நிமிர்ந்து பார்த்தார்.

இவள் பணம் கொடுக்கப் போனாள். "கணக்குல இருக்கும்மா" என்று ஒரு சின்ன நோட்டைக் காட்டினாராம். அந்த நோட்டிலும் சிவப்பு மார்ஜின் போட்டிருந்தது. அது நான் போட்டுக் கொடுத்தது.

வீட்டுக்கு வந்தவள் சத்தம் போடவில்லை. பட்டையைக் கழற்றினாள், தண்ணீர் குடித்தாள், என் நீளவாட்டு நோட்டை எடுத்து ஒரு புதுப் பக்கத்தைத் திருப்பினாள். நான் ஓரியோவைப் பார்த்தேன். அது விசிறிக்குக் கீழே கால் நீட்டி, அரசாங்கச் சாட்சி சொல்லி வழக்கிலிருந்து தப்பிய நிம்மதியில் படுத்திருந்தது.

"நாளையிலேருந்து" என்று சொல்லிக்கொண்டே எழுதினாள். "கார்த்தால கேப்பைக் களி. நடுவுல வெள்ளரிக்கா. சாயங்காலம் உப்பில்லாம வெந்த பூசணிக்கா, கேரட்டு, ஒரு பிடி சாதம். வெளியில ஒண்ணும் கிடையாது. வாக்கிங் என்னோட."

"சரி," என்றேன். "இது யாருக்கு?"

"குக்கர் ஒண்ணுதானே இருக்கு? முட்டை மட்டும் அதுக்குத் தனியா" என்றாள்.

இப்போது என் தட்டிலும் கேரட் விழுகிறது. நேற்று இரண்டு துண்டை இவள் பார்க்காத நேரம் மேஜைக்கடியில் தள்ளிவிட்டேன். அது முகர்ந்து பார்த்துவிட்டு, சுத்தமாக நக்கி, என் காலருகிலேயே திரும்ப வைத்துவிட்டுப் போய்விட்டது.